கருங்குதிரைக்காரனின் குரல்

கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, "தலையைப் பின்னால சாய்ங்க சார்" என்று வரதன் சொன்னபோதே கோதண்டத்துக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. வரதன் மேல் ஒரு கோபமும் இல்லை. வருஷக்கணக்காக இதே சைதாப்பேட்டை சலூனில், இதே நாற்காலியில், இவனிடம்தான் முகத்தைக் கொடுக்கிறார், நல்ல கை, ஒரு கீறல் விழாது. கோபமெல்லாம் அந்தப் பத்து மணியின் மேல்தான். பத்து மணிக்கு ஸ்டூடியோவில் இருக்க வேண்டும். ஒட்டுத்தாடி வைப்பார்களாம், பசை பிடிக்க முகம் மழமழவென்று இருக்கணுமாம், சுத்தமாக வழித்துக்கொண்டு வரச்சொல்லுங்கள் பெரியவரை என்று அந்தப் பொடியன் டைரக்டர் சொல்லியனுப்பியிருந்தான், வரதனிடமும் அதைச் சொல்லியாயிற்று. லாயக்காரக் கிழவன் வேஷம். வசனம் ஒன்றே ஒன்று. "இந்தக் குதிரை என் குரலுக்குத்தான் நிற்கும், மகாராஜா." முதலில் மைக் முன்னால் நின்று சொல்லிக் காட்டணும், நன்றாக விழுந்தால் வேஷம், விழாவிட்டால் வழக்கம்போல முதுகு. முதுகு என்றால் முதுகுதான்! ராஜா வேஷக்காரனுக்குக் குதிரையைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும், அவன் கிரீடத்தையும் அங்கியையும் கோதண்டம் மாட்டிக்கொண்டு ஏறி ஓட்டுவார், காமிரா பின்னாலிருந்து எடுக்கும். பேசும்படம் வந்த நாளிலிருந்து இந்த ஊர் ஜனம் அவர் முதுகைப் பார்த்துத்தான் கைதட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முகமும் குரலும் சேர்ந்து திரையில் வந்துவிட்டால் போதும், அப்புறம் குதிரையும் வேண்டாம் ஒரு எழவும் வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடலாம்.

நுரை கன்னத்தில் ஏறியது, ஜில்லென்று. இந்தக் குதிரை என் குரலுக்குத்தான் நிற்கும், மகாராஜா. மனசுக்குள் சொல்லும்போது பிரமாதமாகத்தான் வருகிறது, மனசுக்குள் யாருக்குத்தான் வராது. மகாராஜா என்கிற இடத்தில் ஏற்றணுமா இறக்கணுமா? இறக்கினால் கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது, ஏற்றினால் கீச்சென்று போய்விடுகிறது. அந்தக் கீச்சு, பிறந்ததிலிருந்து கூடவே வருகிற சனியன். ஆறடி உயரம், கதவை அடைக்கிற மாதிரி மார்பு, கிண்டி ரேஸ் லாயத்தில் அப்பனோடு கொள்ளு ஊறவைத்து வளர்ந்த உடம்பு, அதற்குள் ஆண்டவன் எதற்காக ஒரு நோஞ்சான் குரலை வைத்தானோ அவனுக்கே வெளிச்சம். குதிரைகள் எதுவும் அதைக் குறையாக நினைத்ததில்லை. எவ்வளவு முரட்டுக் குதிரையும் அந்த மெல்லிசான 'ஹோ'வுக்குக் காதைத் திருப்பி நின்றிருக்கிறது. மனுஷப் பயல்களுக்குத்தான் ஆம்பளை என்றால் பானைக்குள் பேசுகிற மாதிரிப் பேசணும். "பழம்பெரும் நடிகர் ஏகாம்பரம் காலமானார்" என்று பின்னால் யாரோ உரக்கப் படித்தார்கள்.

கோதண்டம் கண்ணாடியில் பார்த்தார். பெஞ்சில் கட்டைகுட்டையாக ஒரு ஆள், நாற்பது வயசு இருக்கும், கையில் பேப்பர். உள்ளே வரும்போதே ராணிப்பேட்டையில் தோல் மண்டி, சம்பந்தி வீட்டுக்கு வந்தேன் என்று கேட்காமலே வரதனிடம் சொல்லிக்கொண்டு வந்த ஆள். "அடடா, போயிட்டாரே மனுஷன்" என்று அவர் உச்சுக்கொட்டினார். வரதனும் கத்தியை நிறுத்தி, "எந்த ஏகாம்பரம், அந்த மந்திரி வேஷமெல்லாம் போடுவாரே, சிம்மக்குரல், அவரா?" என்றான். செத்துட்டானா! துக்கமா? சீ, துக்கமாவது. கோதண்டம் வாயைத் திறக்கப் பார்த்தார். "ஆடாதீங்க சார், மேலுதடு" என்று வரதன் மூக்கு நுனியைப் பிடித்து நிமிர்த்தினான். மூக்கைப் பிடித்த பிறகு என்ன பேசுவது. இந்த நேரம் பார்த்தா சாவான் அந்தப் பாவி? இவ்வளவு வருஷம் இருந்தானே, நாளைக்குச் சாகக் கூடாதா, இவர் அந்த ஒரு வசனத்தைச் சொல்லி முடித்த பிறகு சாகக் கூடாதா? செத்தும் குறுக்கே வந்து நிற்கிறான் பார்.

ராணிப்பேட்டை. அந்த ஊர்ப் பேரைக் கேட்டாலே நாக்கில் மண் வாசனை வருகிறது, டெண்ட் கொட்டகை மண். அப்போதெல்லாம் ஊமைப் படம். அமெரிக்காக்காரனுடைய குதிரைப் படங்கள் வந்து மூர் மார்க்கெட் பக்கம் ஜனம் முட்டி மோதிக்கொண்டிருந்த காலம். பெரிய தொப்பி, கழுத்தில் கைக்குட்டை, இடுப்பில் துப்பாக்கி, ஓடுகிற ரயிலுக்குக் குதிரையிலிருந்து தாவுகிற வெள்ளைக்காரன். அதைப் பார்த்துவிட்டுப் படக் கம்பெனி முதலாளி லாயத்துக்கே வந்து, "ஏண்டா கோதண்டம், இதெல்லாம் நீ செய்வியா?" என்று கேட்டார். செய்வியாவா! இருபது வயசுத் திமிர், எதைத்தான் செய்யமாட்டார். எருமைத்தோலில் கால்சட்டை தைத்தார்கள், மழையில் நனைந்தால் பிணவாடை அடிக்கும். குடுமியை உள்ளே முடிந்து மேலே தொப்பியைக் கவிழ்த்தார்கள். பல்லாவரம் கல்குவாரியில், இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறைக்குக் குதிரையோடு தாவணும், கீழே தலை சுற்றுகிற பள்ளம். தாவினார். நடுவானத்தில் தொப்பி கழன்று போய்க் குடுமி அவிழ்ந்து பறந்தது, இறங்கினபோது தோள்பட்டை எலும்பு போனது, முதலாளி ஓடிவந்து குதிரைக்கு ஒன்றுமில்லையே என்றார். அந்த ஒரு தாவலுக்குத்தான் 'கருங்குதிரைக்காரன்' ஊர் ஊராக ஓடியது. தஞ்சாவூரில், தர்மபுரியில், பெங்களூரில்கூடப் பையன்கள் குடுமியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு திரிந்தார்களாம். ஏழெட்டுப் படம், எல்லாவற்றிலும் அவர்தான், முகம், முழு முகம், திரை கொள்ளாத முகம்.

ஊமைப் படத்தில் நடுநடுவே வசனம் எழுத்தாக வரும்போது படிக்க ஆள் வேண்டுமே, கொட்டகையில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. திரைக்குப் பக்கத்தில் ஒருத்தன் நின்று கதை சொல்வான். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஆள். ராணிப்பேட்டைக்கு ஏகாம்பரம். தன் படத்தை ஜனம் எப்படிப் பார்க்கிறது என்று பார்க்கிற ஆசையில் ஒருநாள் கோதண்டம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தரை டிக்கெட்டில் போய் உட்கார்ந்தார். திரையில் தன் வாய் அசைகிறது. இருட்டுக்குள்ளிருந்து இடி இறங்குகிறது. "அடே பாதகா! விடடா அவளை! வந்துவிட்டான் கருங்குதிரைக்காரன்!" கொட்டகையே எழுந்து நின்று விசிலடித்தது. கோதண்டத்துக்கும் புல்லரித்தது, அதுதான் வயிற்றெரிச்சல், அவரும்தான் விசிலடித்தார்! வாய்க்கு வாய் பொருந்துகிறது. அந்த மார்புக்கு அந்தக் குரல்தான் சரி. இந்தாளுக்கு இப்படித்தான் குரல் இருக்கும் என்று பக்கத்தில் ஒரு கிழவி பொடி போட்டுக்கொண்டே சொன்னாள். அப்போதுதான் முதல்முதலாக ஒரு பயம். இடைவேளையில் ஏதோ கேட்க ஒருத்தன் இவர் தோளைத் தட்ட, பதில் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். படம் முடிந்து போய்ப் பார்த்தபோது ஏகாம்பரம் சோடா குடித்துக்கொண்டிருந்தான், வழுக்கைத் தலை, தொப்பை. "அட, நீதானா தம்பி அது? நல்லா குதிக்கிறே. குதிக்கிறதை நீ பாத்துக்க, பேசறதை நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தான். என்ன திமிர்! பாத்துக்கறேனாம். பார்த்துக்கொண்டுதான் விட்டானே.

"ஒரே சாரீரம் சார், இப்ப வர்றவனுங்க கத்துறானுங்க, அவர் பேசினா ரயில் நிக்கும்" என்கிறான் வரதன். கத்தி தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்குகிறது. குரல்வளைமேல் இரும்பு போகும்போது எச்சில் விழுங்கக் கூடாது, விழுங்கக் கூடாது என்று நினைத்தால்தான் ஊறும். பேசும்படம் வந்த புதிதில் மைக் முன்னாலும் இதேதான். சுவர் முழுக்கச் சாக்கு அடித்த அறை, மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பம்பாயிலிருந்து வந்த சவுண்டுக்காரன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு. பேசு என்றார் முதலாளி. எதைப் பேச? அடே பாதகா என்றார் கோதண்டம். சவுண்டுக்காரன் கருவியைக் கழற்றிப் பார்த்தான், ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து. அப்புறம் கெடவில்லை என்று தெரிந்து சிரித்தான். சிரித்தவனை மன்னித்துவிடலாம், அவன் யாரோ. முதலாளி சிரிக்கவில்லை. "கோதண்டம், இது உன் குரல் மாதிரியே இல்லையேடா" என்றார். இவர் குரல் இவர் குரல் மாதிரி இல்லையாம்! "ராணிப்பேட்டையில ஒருத்தன் உனக்குப் பேசுவானே, நீயே போய் அவனைக் கையோட கூட்டிட்டு வந்துடு." போனாரே! அன்று சாயங்காலமே ரயில் ஏறிப் போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்தத் தடியனுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தாரே! மாட்டேன் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எந்தக் குரலில் சொல்வது. அப்புறம் ஏகாம்பரம் தளபதியானான், மந்திரியானான், மகாராஜாவானான். அவன் குதிரை ஏறுகிற இடத்திலெல்லாம் வழுக்கைமேல் வைக்கிற அதே டோப்பாவை வைத்துக்கொண்டு கோதண்டம் ஏறினார். வியர்வை நாற்றத்தோடு சூடாக இருக்கும் அந்த டோப்பா, இப்போதும் உச்சந்தலை அரிக்கிறது.

இன்று காலை குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடையை மார்புக்கு இறக்கி, அடிவயிற்றை எக்கி, வாளிக்குள் குனிந்து, இந்தக் குதிரை என் குரலுக்குத்தான் நிற்கும் மகாராஜா. ஒரு வாரமாக இதே வேலை. கதவைத் தட்டி, "யாருங்க உள்ளே?" என்று தெய்வானை கேட்டாள். கட்டின பெண்டாட்டி, யாருங்க உள்ளே என்கிறாள். திறந்ததும் ஈரத் தலையோடு நிற்கிற புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க குரல்லயே சொல்லுங்களேன், அதுக்கென்ன குறை?" என்றாள். "உனக்கு ஒரு மண்ணும் தெரியாது, போ" என்று கத்தினார், கத்தியது கீச்சென்றுதான் வந்தது, அவள் சிரிக்காமல் துண்டை நீட்டினாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை, அதனால்தான் இவ்வளவு ஆத்திரம். வாளிக்குள் பேசினது யார் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். அவன்தான். இத்தனை வருஷம் யாரை வாயார வைதாரோ, அவன் குரலைத்தான் இவர் வாளிக்குள் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கொண்டுபோனால் இன்றைக்கு வேஷம் நிச்சயம். சொந்தக் குரலைக் கொண்டுபோனால் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொருத்தன் கருவியைக் கழற்றிப் பார்ப்பான். இரண்டில் ஒன்று, பத்து மணிக்குள், தூ.

"நான் சின்னப் பையன் சார் அப்போ" என்று ராணிப்பேட்டைக்காரர் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டார். "எங்க ஊர் கொட்டகையில 'கருங்குதிரைக்காரன்'னு படம் வந்துச்சு, ஏகாம்பரம்தான் ஹீரோ. கல்குவாரியில குதிரையோட ஒரு தாவு தாவுவாரு பாருங்க! குடுமி அப்படியே பறக்கும். இப்ப எவனுக்காவது அந்த தில் இருக்கா? எல்லாம் டூப்பு." கோதண்டத்தின் கை துணிக்குள்ளிருந்து தானாக வெளியே வந்து வரதனின் மணிக்கட்டைப் பிடித்தது. "சார், சார், கத்தி!" என்று வரதன் பதறினான். கோதண்டம் நாற்காலியோடு திரும்பினார், பாதி முகத்தில் நுரை. "தாவினது ஏகாம்பரம் இல்லய்யா. நான்." சொன்னார், சொந்தக் குரலில், வேறே குரலைத் தேட நேரம் ஏது. ராணிப்பேட்டைக்காரர் கோபப்படவில்லை, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பாவம் கிழவன் என்கிற மாதிரிச் சிரித்தார். "நீங்க வேற யாரையோ நினைச்சுக்கிட்டுச் சொல்றீங்க பெரியவரே."

"அவனுக்கு ஏதுய்யா குடுமி? அப்பவே வழுக்கை." "டோப்பா வெச்சிருப்பாங்க." "அவனுக்குக் குதிரையில ஏறவே தெரியாது!" "சும்மா இருங்க பெரியவரே, மனுஷன் நேத்துத்தான் செத்திருக்காரு. முகம் வேணும்னா மறந்திருக்கலாம், அந்தக் குரல் இன்னும் என் காதுல நிக்குது. அடே பாதகான்னு ஒரு சத்தம், நான் எங்கப்பா மடியில ஏறிட்டேன். உங்க குரல் எங்க, அது எங்க?" "அது ஊமைப் படம்யா! படத்துல குரலே கிடையாது! திரைக்குப் பக்கத்துல நின்னு அவன் கத்தினான்யா!" "ஊமைப் படமா? நான் என் ரெண்டு காதால கேட்டேனே!" என்று அவர் வரதனைப் பார்த்தார், இதைக் கேட்டாயா என்கிற மாதிரி. வரதன் தரையைப் பார்த்தான், வாடிக்கையாளரை விட்டுக்கொடுக்கவும் முடியாமல், நம்பவும் முடியாமல். தோள்பட்டை எலும்பு அதே பழைய இடத்தில் குடைந்தது. அதைத் தொட்டுப் பார் என்று சட்டையைக் கழற்றிக் காட்டலாமா? காட்டினால் மட்டும்? மாட்டுவண்டியிலிருந்து விழுந்திருப்பான் என்பார்கள். உலகத்தில் பார்த்தவனெல்லாம் காதால் பார்த்திருக்கிறான்! ரத்தம் தலைக்கு ஏறியது. தாடை தானாக மார்புக்கு இறங்கியது, அடிவயிறு எக்கியது. "அடே பாதகா! விடடா அவளை! வந்துவிட்டான் கருங்குதிரைக்காரன்!"

பவுடர் டப்பா மேஜையில் அதிர்ந்தது. தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். ராணிப்பேட்டைக்காரர் எழுந்துவிட்டார். பேப்பர் கீழே விழுந்தது. வாய் கோணியது, கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "ஐயோ சாமி, நீங்களா! நீங்களேதானா!" என்று குனிந்து காலைத் தொட்டார், தரையில் கிடந்த வெட்டின மயிர் அவர் முழங்காலில் ஒட்டியது. "பேப்பர்ல ஏதோ தப்பாப் போட்டுட்டானுங்க. இதேதான், இதே குரல்தான், எங்கப்பா இருந்தா..." தேம்பினார். வரதன் கத்தியும் கையுமாக, "சார், இத்தனை வருஷமா நம்ம கடைக்கு வர்றீங்க, ஒரு வார்த்தை சொல்லலையே. ஸ்டூடியோல இப்படியே பேசுங்க சார், தூக்கிட்டுப் போயிடுவானுங்க" என்றான். கோதண்டம் கண்ணாடியைப் பார்த்தார். பாதி வழித்த முகம், பாதி வெள்ளை. எத்தனை வருஷமாகக் காத்திருந்த நிமிஷம் இது! அடையாளம் கண்டுகொண்டு ஒருத்தன் காலில் விழுந்து அழுகிறான். ஆனால் எலும்பை ஒடித்துக்கொண்டவனுக்கு இந்த அழுகையில் ஒரு சொட்டு கிடையாது. இந்த வாயை வைத்துக்கொண்டே அவன் வந்து கும்பிடு வாங்கிக்கொண்டு போகிறான், பிணத்தை இன்னும் எடுக்கவில்லை அதற்குள். பத்து மணிக்கும் இதே வாயில் வந்து நிற்பான், மகாராஜா என்பான், கோதண்டத்தின் முகத்தைத் திரை முழுக்கக் காட்டி அதற்குள்ளிருந்தும் அவன்தான் பேசுவான். அப்புறம் முதுகுக்கும் முகத்துக்கும் என்ன வித்தியாசம்?

"மீதியையும் முடி வரதா" என்றார். வரதன் முடித்தான். படிகாரம் தேய்த்தபோது எரிந்தது, நன்றாக எரியட்டும் என்று இருந்தது. துணியை அவிழ்த்து எழுந்து சட்டையை உதறிக்கொண்டார். வாசலை மறைத்துக் கைகூப்பி நின்ற ராணிப்பேட்டைக்காரர், "சாமி, ஒரே ஒரு தடவை, இன்னொரு தடவை சொல்லிட்டுப் போங்க, என் ஜென்மத்துக்கும் போதும்" என்றார். கோதண்டம் அவர் தோளைப் பிடித்து, மெதுவாகத்தான், வழியிலிருந்து நகர்த்தினார். தொண்டையைச் செருமவில்லை, வயிற்றை எக்கவில்லை. எது வருகிறதோ அது வரட்டும், இதைத்தான் அங்கேயும் கொண்டுபோகப் போகிறோம், எவன் வேண்டுமானாலும் காதைக் கழற்றிப் பார்த்துக்கொள்ளட்டும். கீச்சென்றுதான் வந்தது.

"யாருய்யா சொல்றது? அவன்தான் செத்துட்டானே. நீதானே படிச்சே."